11 வருஷமாக அண்ணனோடு பேச்சில்லை. நான் தேவனோடு ஒப்புரவானவனா?

பனங்காடு72:
சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 19 வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மணலில் முழங்கால் போட்டு அழுதவன் நான். அன்றைக்குத்தான் இரட்சிக்கப்பட்டேன் என்று வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன், மை மங்கினாலும் தேதி தெரிகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்துக்காரன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இதுவரை விட்டதில்லை.

எனக்கும் கூடப்பிறந்த அண்ணனுக்கும் 11 வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பாவின் வீட்டு மனை, பின்னால் ஒரு கிணறு, அதை ஒட்டி 22 பனை நிற்கிற நிலம், இதுதான் சொத்து. கேஸ் கோர்ட்டில் கிடக்கிறது. இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குத்தான் போகிறோம், அவர் முன் வரிசை, நான் கடைசித் தூண் ஓரம். போன ஞாயிறு எங்கள் ஐயர் (சபைக் குருவானவர்) 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். ‘தேவனோடே ஒப்புரவாகுங்கள்’, அதாவது சமாதானமாகுங்கள். முடிந்து வெளியே வந்தால் அண்ணன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் செருப்பு என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. காலால் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. தேவனோடு ஒப்புரவாவது ஒரு கணக்கு, அண்ணனோடு ஒப்புரவாவது வேறு கணக்கா? முதல் கணக்கு 19 வயதிலேயே முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீயோன்வாசல்:
பிரதர், கலங்க வேண்டாம், முடிந்தது முடிந்ததுதான். ரோமர் 5:10 பாருங்கள், நாம் சத்துருக்களாயிருக்கையில் குமாரனின் மரணத்தினாலே ஒப்புரவாக்கப்பட்டோம். நல்லவர்களான பிறகு இல்லை, சத்துருக்களாய் இருக்கும்போதே. சிலுவையில் தொங்கின கள்ளன் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டான், யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? இன்றைக்கே என்னுடனேகூடப் பரதீசில் இருப்பாய் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். உங்கள் இரட்சிப்பு உங்கள் அண்ணன் கையில் இல்லை. அவருக்காக ஜெபியுங்கள், அவர் இருதயத்தைக் கர்த்தர் உடைப்பார். (முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தீர்களா என்று கேட்க வாய் வருகிறது, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

கடலோர டீச்சர்:
நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் இரட்சிப்பு என்பதை நாங்கள் மீட்பு என்கிறோம், உங்கள் கிருபை எங்களுக்கு அருள். ஆனால் இந்த ஒப்புரவு என்ற சொல் மட்டும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொல்லுவோம், இப்போது அதற்குப் பெயரே ஒப்புரவு அருட்சாதனம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்தாக வேண்டும் என்பது 1215இல் லாத்தரன் சங்கம் (எங்கள் திருச்சபையின் பொது மாநாடு) போட்ட சட்டம். 1973இல் சடங்கைத் திருத்தி எழுதினபோது பாவமன்னிப்பு மன்றாட்டின் முதல் வரியிலேயே, மகனின் சாவினாலும் உயிர்ப்பினாலும் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கிய தந்தை என்று வைத்தார்கள்.

எங்கள் பாட்டி ஒரு கதை சொல்லும். பக்கத்துத் தோப்பில் தேங்காய் எடுத்ததை சாமியாரிடம் போய்ச் சொன்னதாம். அவர் உடனே மன்னிப்புக் கொடுக்கவில்லை. ‘தேங்காய் எங்கே?’ என்று கேட்டாராம். பாட்டி, ‘குழம்பு வெச்சாச்சு சாமி’ என்றதாம். ‘அப்போ காசு?’ அவ்வளவுதான் கதை. மூன்று அருள் நிறை மரியே சொல்லிவிட்டு எழுந்து போகிற விஷயம் இல்லை என்பது எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

தரங்கை லூத்தரன்:
டீச்சர் தேங்காய்க் கணக்கைக் கொண்டுவந்துவிட்டார், இனி நான் சும்மா இருக்க முடியாது. ரோமர், கொரிந்தியர் நிருபங்களில் பவுல் ஒப்புரவுக்கு எழுதின கிரேக்கச் சொல் கட்டலாஸ்ஸோ. கோவில் சொல்லே இல்லை அது, சந்தையில் காசு மாற்றுவதற்கும் சண்டைக்காரர்கள் சமாதானமாவதற்கும் சாதாரணமாகப் புழங்கினது. பவுலே 1 கொரிந்தியர் 7:11இல் பிரிந்துபோன மனைவி புருஷனோடு ஒப்புரவாக வேண்டும் என்று அதே சொல்லைத்தான் வைக்கிறார். அதாவது குடும்பச் சண்டைக்கான சொல்லைத் தூக்கிக்கொண்டுபோய் தேவனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் வைத்தார், தலைகீழாக இல்லை.

அடுத்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பவுல் ஓர் இடத்தில்கூடத் தேவன் நம்மோடு சமாதானமாக்கப்பட்டார் என்று எழுதவில்லை. தேவன்தான் ஒப்புரவாக்குகிறவர், நாம் ஒப்புரவாக்கப்படுகிறவர்கள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது நாம், கதவைத் திறந்து வைத்திருக்கிறது அவர். ஆகவே நீங்கள் எதைச் செய்தும் அதைச் சம்பாதிக்க முடியாது. சீயோன்வாசல் சொன்னதில் அந்தப் பாதி சரி.

தேதி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். தேதி எழுதுகிற வழக்கம் பெரியவர்களிடமும் இருந்திருக்கிறது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738 மே 24, இரவு எட்டேமுக்கால் என்று மணி முதற்கொண்டு எழுதி வைத்தார், அதுவும் ரோமருக்கு லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது (எங்கள் ஆள், சொல்லாமல் விட மனமில்லை). ஆனால் வெஸ்லி அந்தத் தேதியோடு புத்தகத்தை மூடிவிடவில்லை, அதற்கப்புறம்தான் ஊர் ஊராகப் பிரசங்கிக்கக் குதிரை ஏறினார்.

ஸ்ரீரங்கத்துப்பூனை:
நான் வைஷ்ணவன், தப்பாக நினைக்காதீர்கள், கடவுள் காப்பாற்ற மனுஷன் ஏதாவது செய்ய வேண்டுமா என்கிற இந்தச் சண்டை எங்கள் வீட்டுச் சண்டை மாதிரியே இருப்பதால் உள்ளே வந்தேன். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், கையை விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். வடகலைக்கு முதலாவது, எங்கள் தென்கலைக்கு இரண்டாவது. நாமத்தில் இருக்கிற வித்தியாசம் மாதிரியே இதற்கும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறோம். உங்கள் லூத்தரன் பூனை, டீச்சர் குரங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சர் கோபிக்கக் கூடாது!

இன்னொன்று, ஒப்புரவு என்றதும் எனக்குக் குறள்தான் வருகிறது. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். முதல் குறளே மழையை வைத்துப் பேசுகிறது, அது கைம்மாறு எதிர்பார்த்தா பெய்கிறது என்று. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் ஊரோடு ஒத்து உதவி வாழ்வது. உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை எடுத்தது நல்ல தேர்வு என்பேன். ஊரை விட்டுவிட்டு மேலே ஒருவரோடு மட்டும் ஒப்புரவாவது தமிழில் சொல்லிப் பார்த்தாலே கொஞ்சம் இடிக்கிறது.

கடலோர டீச்சர்:
கோபமெல்லாம் இல்லை பூனை சார், ஆனால் நாங்கள் முழுக் குரங்கு இல்லை. பிடிக்கிற பலமே தாய் கொடுப்பதுதான் என்பது எங்கள் கட்சி.

கேள்விமட்டும்:
நான் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கி வளர்ந்தவன், இப்போது எந்தக் கோவிலுக்கும் போவதில்லை. மன்னிக்க வேண்டுமென்றால் மன்னித்துவிட வேண்டியதுதானே, கடவுளுக்கு எதற்கு நடுவில் சிலுவையில் ஒரு ரத்தப் பலி? லூக்கா 15இல் கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது அப்பா யாரையும் பலி கேட்கவில்லை, ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார், கன்றுக்குட்டியை அடித்தது விருந்துக்குத்தான். அடுத்தது, ‘நான் இரட்சிக்கப்பட்டவன்’ என்ற சர்டிஃபிகேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் வரப்பை வெட்டுகிற எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன் தெரியுமா. பனங்காட்டு அண்ணாச்சியைச் சொல்லவில்லை. பொதுவாக.

தரங்கை லூத்தரன்:
ரத்தம் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, ஆயிரம் வருஷமாகக் கேட்கப்படுகிற கேள்வியும்கூட. 1098வாக்கில் ஆன்செல்ம் என்கிற இறையியலாளர் அதைக் கடனாக விளக்கினார், ராஜாவுக்குச் சேர வேண்டிய மரியாதையை மனுஷன் பாக்கி வைத்தான், மனுஷன்தான் கொடுக்க வேண்டும், தேவனால்தான் கொடுக்க முடியும், ஆகவே தேவ மனுஷன். பின்னால் வந்த சீர்திருத்தக்காரர்கள் அதைக் கோர்ட் பாஷைக்கு மாற்றினார்கள், கடன் போய் தண்டனை வந்தது. ஸ்வீடனில் குஸ்தாஃப் அவுலேன் என்கிற இறையியலாளர் 1930இல் திரும்பிப் பார்த்து, ஆதி சபைக்காரர்கள் இரண்டையும்விடச் சிலுவையை ஒரு யுத்தமாகவும் வெற்றியாகவும்தான் பார்த்தார்கள் என்றார். ஒரே விளக்கம்தான் சரி என்று பழைய பொதுச் சங்கங்கள் எதுவும் தீர்மானம் போடவில்லை. எனக்குப் பிடிபட்ட அளவில் சொன்னால், எந்த மன்னிப்பிலும் நஷ்டம் காணாமல் போவதில்லை, மன்னிக்கிறவன் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். சொத்தில் தன் பங்கை அழித்துவிட்டு வந்தவனைக் கட்டிப்பிடித்த அந்த அப்பாவும் ஒன்றும் இலவசமாக மன்னிக்கவில்லை.

கேள்விமட்டும்:
சரி. முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கோர்ட் விளக்கத்தைவிட இது பரவாயில்லை.

கடலோர டீச்சர்:
நான் திரும்ப அண்ணாச்சியிடம் வருகிறேன், அவரை விட்டுவிட்டு நாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம். மத்தேயு 5:23ஐ உங்கள் பைபிளிலேயே எடுத்து மெதுவாகப் படியுங்கள். காணிக்கை கொண்டுவரும்போது ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறார். கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல்.

நீங்கள் எழுதினதில் மனை, கிணறு, பனை எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கிறது. சண்டை ஏன் வந்தது என்று மட்டும் இல்லை. அண்ணனுக்கு உங்கள்மேல் என்ன குறை?

(இரண்டு நாள் கழித்து)

பனங்காடு72:
டீச்சர், நீங்கள் கேட்டதற்கு அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று இருந்தேன்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் அண்ணன் பம்பாயில் வேலையில் இருந்தார். நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன், மலம் மூத்திரம் எல்லாம் நான்தான் எடுத்தேன், அது சத்தியம். அப்பாவுக்கு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம், ‘பெரியவன் என்னடா சொல்றான்’ என்று கேட்டார். ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம், தம்பியே வச்சுக்கட்டும்னு சொல்லிட்டான்’ என்றேன். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரம் எல்லாவற்றையும் என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு பண்ணியாயிற்று. கையெழுத்து அவருடையதுதான், நல்ல நினைவோடு போட்டார். அதனால் கோர்ட்டில் என் கட்சி பலமாக இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார்.

அப்பா அடக்கத்துக்கு அண்ணன் வந்த இடத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவே தன்னை ஒதுக்கிவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் எல்லோரும் மெழுகுவத்தி வைப்போம். அவர் வந்து நிற்பார், வைக்க மாட்டார்.

இதை என் மனைவிக்கும் சொன்னதில்லை.

சீயோன்வாசல்:
பிரதர், முதலில் நான் எழுதினதில் ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் இருதயத்தைக் கர்த்தர் உடைப்பார் என்றேன். உடைய வேண்டியது யாருடையது என்று விசாரிக்காமலே எழுதிவிட்டேன்.

கள்ளனுக்கு நேரம் இல்லை, கையில் ஆணி இருந்தது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின வரிவசூல்காரன் சகேயுவுக்கு இரண்டும் ஃபிரீயாக இருந்தது. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர். இந்தப் பகுதியை நானே எங்கள் சபையில் மூன்று தடவை பேசியிருக்கிறேன், எல்லாத் தடவையும் அவன் மரத்திலிருந்து இறங்கினதோடு பிரசங்கத்தை முடித்துவிட்டேன்.

தரங்கை லூத்தரன்:
வரிசையைக் கவனிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்வதற்கு முன்பே ஆண்டவர் அவன் வீட்டில் தங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கிருபை முதலில், காசு பின்னால்.

கடலோர டீச்சர்:
ஆனால் காசு வந்தது.

தரங்கை லூத்தரன்:
வந்தது, மறுக்கவில்லை. இதில் நாமிருவரும் இனி அதிகம் சண்டை போடவும் முடியாது, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் உங்கள் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதலை (தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வதை) பற்றிச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டன, பின்னால் மெதடிஸ்டுகளும் சீர்திருத்தச் சபைக்காரர்களும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். நற்கிரியை இரட்சிப்பின் காரணம் இல்லை, கனி. 1517இல் லூத்தர் தொடங்கினதிலிருந்து இதைச் சொல்லி முடிக்க 482 வருஷம் ஆயிற்று. அண்ணாச்சிக்கு 11தான் ஆகிறது.

சேகரத்துக் குட்டிச்சுவர்:
நானும் சி.எஸ்.ஐ.தான், எங்கள் வீட்டுப் பழைய புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 1662 ஜெபப்புத்தகத்தில் திருவிருந்துக்கு முன்னால் சின்ன எழுத்தில் ஒரு விதி இருக்கிறது, பகையும் வன்மமும் இருக்கிற இரண்டு பேர் சமாதானமாகிற வரைக்கும் குருவானவர் அவர்களைப் பந்திக்கு விடக்கூடாது. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டின திதாகே என்கிற பழைய ஒழுங்குமுறையிலும் இதே கதைதான், தோழனோடு சண்டை இருப்பவன் சமாதானமாகிற வரை கூட்டத்தில் சேர வேண்டாம், பலி தீட்டாகிவிடும் என்று. நம் சபை 1947இல் ஒன்றானபின் 1950இல் வந்த ஆராதனை முறையில் சமாதானம் கொடுப்பதை வைத்தார்கள், கையோடு கை சேர்த்து ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு வரிசையாகக் கடந்து வர வேண்டும். முன் வரிசையில் அண்ணன் கையில் புறப்பட்ட சமாதானம் கடைசித் தூணுக்கு வந்து சேர எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பனங்காடு72:
எல்லோருக்கும் நன்றி, ஆனால் பயம் போகவில்லை. வக்கீலிடம் லேசாகக் கேட்டேன், எதையும் ஒத்துக்கொண்டு வாயைத் திறக்காதீர்கள் என்கிறார். பையனுக்கு அந்த மனையில்தான் வீடு கட்ட பிளான் போட்டிருக்கிறோம். இன்னொரு யோசனையும் வருகிறது, இப்போது பாதியைக் கொடுத்தால் தேவனிடம் நிம்மதியை விலைக்கு வாங்குகிற மாதிரி ஆகிவிடாதா? அப்புறம், லூக்கா 12இல் ஒருவன் வந்து என் சகோதரனைப் பாகம் பிரித்துத் தரச் சொல்லும் என்று கேட்டபோது இயேசு என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்றுதானே கேட்டார்.

கடலோர டீச்சர்:
அது பாகம் கேட்டு வந்தவனுக்குச் சொன்னது, பாகத்தை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு இல்லை. அண்ணாச்சி, நீங்களே சிரித்திருப்பீர்கள் இதை டைப் பண்ணும்போது.

சீயோன்வாசல்:
விலைக்கு வாங்குவது பற்றி ஒரு கணக்கு. மத்தேயு 18இல் ராஜா ஒருவனுக்குத் தள்ளுபடி செய்தது 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருஷம். அவன் வெளியே போய் 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான். உங்கள் மனையைக் கொடுத்து நீங்கள் அந்த 6 கோடியில் எதையும் அடைத்துவிட முடியாது, பயப்படாதீர்கள். மேலே தள்ளுபடி வாங்கினவன் இங்கே எப்படி நடக்கிறான் என்பதுதான் கேள்வி.

கேள்விமட்டும்:
யாக்கோபை யாருமே சொல்லவில்லையே. அதுவும் ஒரு தம்பி, வயதாகிக் கண் மங்கின அப்பாவிடம் பொய் சொல்லி அண்ணன் ஆசீர்வாதத்தை வாங்கினவன். 20 வருஷம் கழித்து அந்த அண்ணன் ஏசாவைப் பார்க்கப் பயந்து முன்னால் ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று அனுப்பினான், கூட்டிப் பார்த்தேன், ஒட்டகக் குட்டிகளை விட்டுவிட்டு 550 வருகிறது. ஏசா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். யாக்கோபு, உம்முடைய முகத்தைப் பார்த்தது தேவனுடைய முகத்தைப் பார்த்தது போல இருக்கிறது என்றான். முந்தின ராத்திரிதான் தேவனோடு போராடித் தொடை சுளுக்கியிருந்தது. சாமி இல்லை என்கிற எனக்கே அந்த இடம் ஒவ்வொரு தடவையும் என்னவோ செய்யும்.

தெருமுனைப் பத்திரம்:
நான் பத்திரம் எழுதுகிறவன், வேதம் தெரியாது, நடைமுறை மட்டும் சொல்கிறேன். பழைய செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து பண்ணவெல்லாம் அலைய வேண்டாம். இன்றைக்கு சொத்து உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் பாதியை நீங்களே அண்ணன் பெயருக்குப் புதிதாக செட்டில்மென்ட் எழுதலாம். கிணறு பொது, நடைபாதை பொது என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் அடுத்த கேஸ் போடுவார்கள். கோர்ட்டில் கிடக்கிற கேஸை மக்கள் நீதிமன்றத்தில் வைத்துச் சமரசமாக முடிக்கலாம், அண்ணன் கட்டின கோர்ட் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் யாரும் அப்பீல் போகவும் முடியாது. எதற்கும் முதலில் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

பனங்காடு72:
நேற்று முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு முன்னால் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், அண்ணனும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து முதலில் மனைவியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் பேப்பர் எடுத்துக் கொடுத்தாள். நான்கு பக்கம் எழுதினேன். அப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே எழுதி, சொத்தில் பாதி என்று கடைசியில் எழுதி, அண்ணன் மகள் கையில் கொடுத்து அனுப்பினேன். வக்கீலுக்குத் தெரியாது.

இன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. பத்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘சித்தப்பா, தாத்தா வேற என்னெல்லாம் கேட்டாங்கன்னு அப்பா கேக்கச் சொன்னாங்க’. இதை டைப் பண்ணி அனுப்ப எனக்கு வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், அவர்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை.